நடுவில் நுழைந்த கட்டம்

ஜூன் 3, திங்கள்

"கோபம் வந்தா கத்தாதே, இதுல எழுது" என்று சொல்லி என் தங்கை செண்பகம் புத்தாண்டுக்கு இந்த டைரியைக் கொடுத்தாள். இத்தனை மாதமும் அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்று ஞானதுரை சார் புண்ணியத்தில் இறக்கிவிட்டேன்.

காலையில் மருத்துவமனையில் கூட்டம். பிரசவப் பிரிவுத் தலைவி டாக்டர் பியூலா ஒரு நல்ல காரியம் கேட்டார். இனிமேல் கர்ப்பிணியின் ரத்த வகையோடு கணவரின் ரத்த வகையும் கணினியில் ஏற வேண்டும். தாய் நெகடிவ், தகப்பன் பாசிடிவ் என்றால் பிள்ளை பாசிடிவாகப் பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் மூன்று நாளுக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பே பகையாளியாக எண்ணி அழிக்கக்கூடும். "ஒருத்தி கூட விட்டுப்போகக் கூடாது, உலகு" என்று என்னிடம் சொன்னார்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் நான். இது அரை மணி நேர வேலை, தாய்மாரின் விவரப் பட்டியலான டேபிளின் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தால் முடிந்தது என்றேன்.

மருத்துவப் பதிவுகளின் அதிகாரி ஞானதுரை சார் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியிலயா? கணவர் விவரம்லாம் முதல்லதாம்மா வரணும். எந்த விண்ணப்பத்த வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. அவரு ரத்த வகை, அதுக்குப் பொறவு அந்தம்மா ரத்த வகை. அச்செடுத்தா அந்த வரிசையிலதான் வரணும்."

"பிள்ள பெறுறது அவரா சார், அந்தம்மாவா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. மேனேஜர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

நடுவில் சொருகுவது என்றால் பழைய டேபிளைக் கலைத்து, புதிதாக ஒன்று கட்டி, எல்லாரையும் அதில் குடியேற்ற வேண்டும். ஒரு ஆம்பளை முதலில் நிற்பதற்கு இத்தனை பாடு. எழுதியாயிற்று. கோபம் போகவில்லை.

ஜூன் 5, புதன்

முடித்துவிட்டேன். புது டேபிள், புது வரிசை: பெயர், வயது, கணவர் ரத்த வகை, ரத்த வகை, குறிப்பு. இப்போது பதிவில் இருப்பவர்களுடைய கணவன்மாரின் ரத்த வகையையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டோம். ஒரு வரி தவறவில்லை. ஞானதுரை சார் அச்செடுத்துப் பார்த்து முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வார்டில் இருக்கிறவர்கள் டேபிளைப் பார்ப்பதில்லை. டேபிளில் இருப்பதை அவர்கள் திரையில் காட்ட நான் எப்போதோ செய்து கொடுத்த வியூ இருக்கிறது. பிரசவ வார்டின் எஸ்தர் சிஸ்டர், "டேபிள மாத்திட்டீயளே மேடம், எங்க திரை என்னாகும்?" என்று கேட்டார். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். டேபிளில் ஒருத்தியின் வயதைத் திருத்தினேன். வார்டுத் திரை உடனே மாறியது. திரும்பப் பழையபடி ஆக்கினேன், அதுவும் மாறியது. "வியூவுக்குன்னு சொந்தமா எதுவும் கிடையாது சிஸ்டர். அது ஜன்னல். உள்ள என்ன இருக்கோ அதான் தெரியும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன்.

இதை நான் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். சிஸ்டர் முகம் தெளிந்தது.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் வரவில்லை. மோட்டார்காரனும் வரவில்லை. ஆபீஸில் எந்தப் புகாரும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூரில் செண்பகத்துக்கு வளைகாப்பு முடித்துக் கையோடு கூட்டி வந்துவிட்டேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தாய்வீட்டில்தான் முதல் பிரசவம் என்றால் இப்போது என் வீடுதான் தாய்வீடு. ரயிலில் தூங்கிக்கொண்டே வந்தாள், கை நிறைய வளையல். மாப்பிள்ளை வேல்சங்கரும் கூட வந்தார். பனியன் கம்பெனியில் ஒரு வாரம் லீவு வாங்கியிருக்கிறார்.

திருப்பூர் டாக்டர் கொடுத்த ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். "எல்லாம் உன் ஆஸ்பத்திரியிலயே புதுசா எடுத்துரலாம்லா" என்கிறாள். அதுவும் சரிதான். அந்தச் சின்ன கிளினிக்கின் காகிதத்தை நம்புவதைவிட இது மேல்.

தொட்டில் துணி வாங்கினேன். சும்மா, கடையில் மலிவாகக் கிடந்தது என்று.

ஜூன் 11, செவ்வாய்

செண்பகத்தைப் பதிவு செய்தாயிற்று. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் மாப்பிள்ளை வியர்த்து நாற்காலியில் சரிந்துவிட்டார். நிறைமாதக்காரி எழுந்து அவருக்கு விசிறினாள். நான் சிரித்த சிரிப்பில் லேப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் எஸ்தர் சிஸ்டர் கூப்பிட்டார். "மேடம், குறிப்புக் கட்டத்துல சுகர், பிரஷர், ஊசி அலர்ஜினுலா போட்டிருப்பாவ. இப்பம் யார எடுத்தாலும் அதுல ஒரு ரத்த வகைதான் கெடக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. பதிவு கவுன்டரில் இருக்கும் பிள்ளைகள் கணவர் ரத்த வகையைக் கொண்டுபோய்க் குறிப்பில் அடிக்கிறார்கள். கீழே இறங்கிப் போய் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நாங்க அப்படிப் போடலயே மேடம்" என்று ஒருத்தி கண் கலங்கினாள். அழுதால் சரியாகிவிடுமா? அவர்கள் திருந்துகிற வரைக்கும் வார்டுத் திரையில் அந்தக் குறிப்புக் கட்டத்தையே மறைத்துவிட்டேன். சுகர் விவரமெல்லாம் டாக்டரின் சீட்டிலும் இருக்கிறது.

மாலையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டின்போது செண்பகம் மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எக்கா, இதுல B பாசிடிவ்னு போட்டிருக்கு. திருப்பூர்ல என்னய நெகடிவ்னுலா சொன்னாவ. காலேஜ்ல ரத்தம் குடுக்கப் போனப்பவும் O நெகடிவ்னு சொன்ன ஞாபகம்."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. இங்க லேப்ல எடுத்து நேரா கம்ப்யூட்டருக்கு ஏறுது. நடுவுல கை படாது. சீட்டும் அந்த வியூவுல இருந்துதான் அச்சாகுது."

மாப்பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எனக்கும் B பாசிடிவ்தான் மதினி. பத்துப் பொருத்தம் பாத்தாவ, இத யாருமே பாக்கல பாத்தீயளா" என்றார். அவள் வெட்கப்பட்டாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. ரத்தமும் ஒன்றாக அமைந்த ஜோடி.

ஜூன் 15, சனி

மாப்பிள்ளை ஊருக்குப் போனார். வலி வந்தால் உடனே போன் பண்ணச் சொன்னார். ரயில் நிலையத்தில் நின்று மூன்று முறை சொன்னார்.

ஜூன் 20, வியாழன்

வீட்டில் உளுந்தங்களி கிண்டினேன். அம்மாவுக்கு வந்த பதம் எனக்கு வரவில்லை. செண்பகம் கேலி பண்ணிக்கொண்டே முழுவதையும் தின்றாள். ஆபீஸில் ஞானதுரை சார் நான் செய்த மாற்றத்தை மேலிடத்தில் பாராட்டிப் பேசினாராம். நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது.

எஸ்தர் சிஸ்டர் படிக்கட்டில் பார்த்தபோது சொன்னார்: "இந்த மாசம் எல்லாரும் பாசிடிவாவே வாராவ மேடம். ஆன்டி-டி ஊசி ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்கு." கர்த்தர் கிருபை என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

பெண் குழந்தை. காலை பத்து மணிக்கு மேல். சுகப்பிரசவம். அம்மாவின் மூக்கு.

வேறு எழுத வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கப் பயந்து சுவரோரமாக நிற்கிறார். குழந்தையின் ரத்த வகை B பாசிடிவ். "அப்படியே என் ரத்தம்" என்று எல்லாருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எஸ்தர் சிஸ்டர் என் அறைக்குப் போன் செய்தார். "மேடம், உங்க தங்கச்சி தான் நெகடிவ்னு சொல்லுது. திரையில பாசிடிவ்னு இருக்கு. ஊசி போடணுமான்னு டாக்டர் கேக்காவ. எதுக்கும் இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துரவா?"

நான் வியூவைத் திறந்தேன். செண்பகவல்லி, B பாசிடிவ். "பச்ச உடம்புக்காரிய எதுக்குத் திரும்பக் குத்திக்கிட்டு? திரைல என்ன இருக்கோ அதான் சிஸ்டர். நானே பாத்துட்டேன்" என்றேன்.

சிஸ்டர் சரி என்று வைத்துவிட்டார்.

ஜூன் 26, புதன்

எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலையில் செண்பகத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே விட்டு, மாப்பிள்ளையோடு பக்கத்து வீட்டு அக்காவையும் துணைக்கு வைத்துவிட்டு நான் ஆபீஸுக்கு வந்தேன். மூன்று மணி போல ரத்த வங்கியில் இருந்து போன். பிரசவ வார்டில் அந்தோணியம்மாள் என்று ஒருத்திக்கு உதிரப்போக்கு. ரத்தம் ஏற்ற வேண்டும். வார்டுத் திரையில் A பாசிடிவ். ரத்த வங்கிக்காரர்கள் எப்போதும் தாங்களே ஒரு முறை சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சோதித்தால் A நெகடிவ். அந்தப் பெண்ணுக்குச் சரியான ரத்தம் போய்விட்டது, பிழைத்துக்கொண்டாள். லேப்புக்குப் போன் அடித்து, தவறாக ஏற்றியிருக்கிறீர்கள் என்று நான் ஆரம்பித்தேன்.

"மேடம், நாங்க நெகடிவ்னுதான் ஏத்துனோம். டேபிள்ல பாருங்க" என்றார்கள்.

பார்த்தேன். மாற்றி முடித்த பிறகு நான் டேபிளைத் திறந்தே பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் ஜன்னல் இருக்கிறதே. டேபிளில் அந்தோணியம்மாள்: கணவர் ரத்த வகை A பாசிடிவ், ரத்த வகை A நெகடிவ். பக்கத்தில் வியூவைத் திறந்தேன். அங்கே ரத்த வகை A பாசிடிவ். மறைத்து வைத்த குறிப்புக் கட்டத்தைத் திறந்தேன். அதில் A நெகடிவ்.

வியூவுக்கு நான் எழுதிவைத்திருந்த வரியைத் திறந்து படித்தேன்.

வியூ ஜன்னல் இல்லை. அதைச் செய்தபோது, டேபிளில் இருக்கிற எல்லாக் கட்டங்களையும் அப்படியே காட்டு என்று சோம்பேறித்தனமாக ஒரே குறியில் எழுதியிருந்தேன். அது அன்றைக்கே தலைப்புகளை எண்ணி வைத்துக்கொண்டது: மூன்றாவது கட்டம் ரத்த வகை, நான்காவது குறிப்பு. பந்தியில் பரிமாறுகிறவனிடம், மூன்றாவது இலை சர்க்கரைக்காரர், பாயசம் வைக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறோம். நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவன் எண்ணிக்கொண்டே வந்து சர்க்கரைக்காரர் இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போகிறான். இலையில் இருப்பவை மாறினால் அவனுக்குத் தெரியும். இலைகளின் வரிசை மாறினால் தெரியாது, யாராவது போய்ச் சொல்ல வேண்டும். வியூவைப் புதுப்பிக்கச் சொல்ல ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. நான் அடிக்கவில்லை.

மூன்று வாரமாக இந்த மருத்துவமனை ஒவ்வொரு பெண்ணின் ரத்தம் என்று அவள் புருஷன் ரத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நெகடிவ் தாய் ஒருத்தி கூட விட்டுப்போகக் கூடாது என்று சேர்த்த கட்டம் அத்தனை பேரையும் மறைத்துவிட்டது. கவுன்டர் பிள்ளைகள் எதையும் தவறாக அடிக்கவில்லை. உண்மை குறிப்பில் கிடந்தது. அதையும் நானே மூடினேன்.

பிறகுதான் எனக்கு அது உறைத்தது. டேபிளில் செண்பகவல்லி என்று தேடினேன். O நெகடிவ்.

வீட்டுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆட்டோ பிடித்தேன். வீடு இருக்கும் பெருமாள்புரம் போகிற வழி முழுக்க ரயில்வே கேட் மூடியிருப்பதுபோலவே இருந்தது, ஒரு கேட்டும் மூடியிருக்கவில்லை. நாளைக் காலையோடு மூன்று நாள் முடிகிறது. வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் எடுக்கவில்லை. சாம்பிராணிப் புகை. செண்பகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்னக்கா?" என்று எழுந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லளா. உனக்கு ஒரு ஊசி. செருப்ப மாட்டு."

ஐந்தரைக்கு ஊசி போட்டாயிற்று. எஸ்தர் சிஸ்டர்தான் போட்டார், என்னைப் பார்க்காமல். டாக்டர் பியூலா, "நேரத்துக்குள்ள போட்டாச்சு, இனி பயமில்லை" என்றார். செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளைதான் முதலில் பேசினார், "அதான் சரியாப் போச்சே மதினி, விடுங்க" என்றார். அவள் விடவில்லை.

"ரெண்டு தடவ சொன்னேனேக்கா. என் ஒடம்ப நான் சொன்னா நம்பல. உன் திரை சொன்னத நம்புன."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஆச்சரியமாகச் சொன்னாள்.

கொஞ்சம் கழித்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "நான் உன் தங்கச்சி. ஓடி வந்து கூட்டிட்டுப் போன. மத்தவியளுக்கு?"

ஜூன் 27, வியாழன்

வியூவைப் புதுப்பித்தேன். ஒரே வரி. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாக் கட்டமும் தன் தன் இடத்துக்குப் போய் நின்றது. பிறகு எல்லாவற்றையும் காட்டு என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பெயர் சொல்லி எழுதினேன்.

இந்த மூன்று வாரத்தில் பிரசவமாகி வீட்டுக்குப் போன நெகடிவ் தாய்மார்களைத் தேடி எடுத்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். கூட்டத்தில் அதைப் படித்தேன். ஞானதுரை சார் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "அடுத்த செக்கப்புக்கு வாரப்ப பக்குவமாச் சொல்லிக்கலாம். இப்பமே போன் போட்டு எதுக்குப் பதற வைக்கணும்?" என்றார் மேனேஜர்.

டாக்டர் பியூலா அவரைப் பார்க்கவே இல்லை. "லேட்டானாலும் பத்து நாளுக்குள்ள போட்டா ஓரளவு காப்பாத்தலாம். நாலஞ்சு பேருக்கு இன்னும் நாள் இருக்கு. இன்னைக்கே அவங்க வீட்டுக்கு வண்டி போகணும். மத்தவங்களுக்கு ரத்தத்துல அந்தப் பகை உண்டாகியிருக்கான்னு பாக்கணும். உண்டாகியிருந்தா திருப்பி எடுக்க மருந்து கிடையாது. அடுத்த பிள்ளைய சுமக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சாகணும்."

வண்டி போயிற்று. எஸ்தர் சிஸ்டர் ஊசிப் பெட்டியோடு ஏறினார்.

மற்றவர்களிடம் போனில் நான் பேசுகிறேன் என்றேன். ஞானதுரை சார், "நடுவுல வைக்கச் சொன்னது நான்தானம்மா. நானும் கூட இருக்கேன்" என்றார். அந்த மனுஷனைத் திட்டித்தான் இந்த டைரியை ஆரம்பித்தேன். நடுவில் வைக்கச் சொன்னதுதான் அவர் செய்தது, மற்றதெல்லாம் நான்.

கவுன்டர் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்றே அவளுக்கு ஞாபகம் இல்லை என்றாள். அது பொய்.

ஜூன் 28, வெள்ளி

முதலில் வடிவு. களக்காட்டுப் பக்கம். டேபிளை மாற்றிய இரண்டாம் நாள் பிரசவமானவள். அவளுக்கு எந்த நாளும் மிச்சம் இல்லை. ஞானதுரை சார் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் இருந்து பேசுகிறேன், எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பித்திருக்கக் கூடாது.

"நல்லா இருக்கோம் மேடம். தாயும் பிள்ளையும் சுகம். போன வாரம்தான் பேரு விட்டோம், முப்பிடாதின்னு, எங்க மாமியா பேரு. அதுக்குள்ள அவுக அடுத்தது ஆம்பளப் பிள்ளதான்னு ஆரம்பிச்சுட்டாக." சிரித்தாள். "வீட்டுக்கு வந்த பொறவும் போன் போட்டு வெசாரிக்கீயளே. எந்த ஆஸ்பத்திரில மேடம் இப்படிக் கேப்பாவ? நல்லா இருப்பீய."

ஞானதுரை சார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தேன். என்ன மேடம் பேச மாட்டேங்கீய, என்றாள் வடிவு.

சொன்னேன். பந்தி, இலை என்று எதுவும் சொல்லாமல், நாங்கள் செய்த தவறால் உனக்குப் போட வேண்டிய ஊசியைப் போடவில்லை, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை அடுத்த பிள்ளை வேண்டாம் என்று நேராகச் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. வெகுநேரம் அழுதது. யாரும் போய் எடுக்கவில்லை.